வளையம் தொலைந்த வெள்ளி

லைட்ஹவுஸ் குப்பத்து ராஜவேலு மதராசுக்குக் கண் வாங்கப் போய், குழாய் வாங்கிக்கொண்டு திரும்பினான். அவனைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

அவனுக்கு இடது கண் இல்லை. இருபத்தாறு வயதில் கடலில் தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது மீன் கழன்றுகொண்டது. முள் மட்டும் துள்ளி வந்து முகத்தில் அடித்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அலை எங்கே உடைகிறது, கட்டுமரத்தின் மூக்கு எங்கே நிற்கிறது என்ற கணக்கு தப்பிப்போனது. ஒருநாள் முகத்துவாரத்தில் மரம் கவிழ்ந்து, கூட வந்த அவனுடைய அப்பா உப்புத் தண்ணீர் குடித்துப் பிழைத்தார். கரைக்கு வந்ததும் அவர் திட்டவில்லை. இருமி முடித்துவிட்டு, "கடல் போதும்டா. ஏரிக்குப் போ. ஏரி நின்னு பேசும்" என்றார்.

அப்படித்தான் அவன் தோணிக்காரன் ஆனான். பழவேற்காட்டு ஊர்க்கரைக்கும் குப்பத்துக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்குவது வேலை. மீன்கூடைக்காரிகள், துணி மூட்டையோடு வரும் ஊர் முஸ்லிம் வியாபாரிகள், பள்ளிக்கூடத்து வாத்தியார், எப்போதாவது ஒரு கல்யாணப் பெண். இடுப்பளவுத் தண்ணீர்தான், நீளக் கழியை ஊன்றித் தள்ளினால் தோணி வழுக்கிக்கொண்டு போகும். கடைசி நடை முடிந்து தனியாகத் திரும்பும்போது, ஏரி நடுவில் கழியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம், நடுவில் அவன். பூநாரைகள் வரிசையாகப் போகும்போது இரண்டு வானத்திலும் போகும். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவே வராது.

சோறு வடித்துவிட்டுக் காத்திருந்தவள் லோகநாயகி. அத்தை மகள். கண் போன பிறகு, எல்லாம் தெரிந்தே அவனைக் கட்டிக்கொண்டவள். தலையில் கூடை வைத்துத் திருப்பாலைவனம் வரைக்கும் மீன் விற்றுவிட்டு வருவாள். வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது என்று சொல்வார்கள். அவளுடைய தம்பி உலகநாதனுக்குத் தோணிரேவு கிராமத்தில் மாசி மாதம் கல்யாணம் என்று முடிவானது. அது எழுபத்தெட்டாம் வருடம். பெண் வீட்டுக்காரர்கள் முன்னால் புருஷன் கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. சேர்த்து வைத்திருந்ததைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்து அவன் கையில் வைத்து, பொன்னேரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள்.

மதராசில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்களைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பொருத்தி, கண்ணாடியைக் காட்டினார்கள். ஒவ்வொரு கண்ணும் அவனை விட்டுவிட்டு வேறு யாரையோ பார்த்தது. "அடுத்த வாரம் வாங்க, உங்க நிறத்துக்குச் செய்து தர்றோம்" என்றார் கடைக்காரர். வெளியே வந்தவன், நேரத்தைப் போக்க மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தான்.

பழைய பூட்டுகளுக்கும் உடைந்த கிராமபோனுக்கும் நடுவே அது கிடந்தது. கப்பலில் இருந்து வந்த பித்தளைக் குழாய். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்கள். இழுத்தால் முழங்கைக்கு மேல் நீளும். கடைக்காரன் அதை அவன் கையில் கொடுத்து, "ஒரு கண்ணை மூடிக்கினு பாருபா" என்றான். சொன்ன பிறகுதான் முகத்தைக் கவனித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜவேலு சிரித்தான். "எனக்கு அந்த வேலை மிச்சம், நைனா."

எதிரே சென்ட்ரல் ஸ்டேஷன் கோபுரத்தை நோக்கிக் குழாயைத் திருப்பினான். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு கடிகாரம். அதன் பெரிய முள்ளின்மேல் ஒரு புறா உட்கார்ந்து, இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி ஓடின. பத்து வருடங்களாக எந்தப் பொருளும் அவனிடம் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதில்லை.

வீட்டில் லோகநாயகி அவன் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "கண்ணு எங்கே?"

அவன் துணியை அவிழ்த்துக் காட்டினான்.

"இன்னாயா இது?"

"கண்ணுதான்மே. கொஞ்சம் நீளம்."

அவள் தம்பி கல்யாணத்துக்கு எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கண்ணாடியை இரவல் வாங்கி வந்து, பேசாமலே அவன் மூக்கில் மாட்டிவிட்டாள்.

வானத்தைப் பார்ப்பது அவன் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. குப்பத்தில் எந்த நட்சத்திரமும் வெள்ளிதான். வெறுங்கண்ணுக்கு அசையாமல் நிற்கிற வெள்ளி, குழாய்க்குள் வந்ததும் கெண்டைக்குஞ்சு மாதிரி ஓடியது. கை நடுங்கினால் அது நடுங்கியது. மூச்சு விட்டால் குதித்தது. கழிகள் மூன்றை உச்சியில் சேர்த்துக் கட்டி முக்காலியாக்கினான். காற்றில் ஆடாமலிருக்க நடுவில் மணல் மூட்டை தொங்கவிட்டான். கடற்கரைப் பக்கம் லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து கண்ணைக் கூசச் செய்ததால், சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ஏரிக்கரையில், கவிழ்த்துப்போட்ட பழைய தோணி ஒன்றில் சாய்ந்து உட்கார இடம் பிடித்தான்.

ஒவ்வொன்றாகத்தான் பிடிபட்டது. இருட்டுக்கு வந்ததும் கண் உடனே திறந்துகொள்ளாது, சுருட்டு ஒன்று பிடித்து முடிக்கிற நேரமாவது சும்மா இருக்க வேண்டும். சுருட்டின் கனலைப் பார்த்தால் அதுவும் கெடும். அதனால் சுருட்டை விட்டான். பௌர்ணமி நிலா பார்க்க லாயக்கில்லை, வெள்ளைத் தட்டு. பாதி நிலாதான் நிலா. வெளிச்சமும் இருட்டும் சேர்கிற ஓரத்தில், மழை நின்ற மணலில் துளிகள் விழுந்த பள்ளம் மாதிரி எத்தனையோ குழிகள். கார்த்திகை என்கிற அறுமீன் கூட்டத்தை ஆறு என்று யார் எண்ணினார்களோ. குழாய்க்குள் அது வலை உதறிய இடத்தில் சிதறிய செதில்களாகக் கிடந்தது. வரிசையாக நிற்கிற மூன்று வெள்ளிகளுக்குக் கீழே, ஊதிவிட்ட புகை போல ஒரு திட்டு. அதை அவன் நேராகப் பார்த்தால் மறைந்தது. கொஞ்சம் விலகிப் பார்த்தால் வந்தது. குரு கிரகத்துக்குப் பக்கத்தில் நான்கு பொடிப் புள்ளிகள், மறுநாள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தான். நண்டுகள்தான் இருந்தன.

பங்குனியில் ஒருநாள், மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கல் மஞ்சளாக ஒன்று நின்றது. மினுக்கவில்லை. அவன் குழாயைத் திருப்பினான். உள் குழாயை மெல்ல இழுத்துத் தெளிவாக்கினான். நடுவில் ஒரு மணி. அதைச் சுற்றி ஒரு வளையம்.

கையை எடுத்துவிட்டான். அது ஓடிப்போனது. மறுபடி தேடிப் பிடித்தான். அங்கேயே இருந்தது, யாரும் பிடிக்காமல், எதிலும் தொங்காமல். தோப்பில் காற்று நின்றது மாதிரி இருந்தது அவனுக்கு. வீட்டுக்கு ஓடி, "ஏமே, வா, வந்து பாரு! வளையல் போட்ட வெள்ளி ஒண்ணு கீது!" என்று கூப்பிட்டான். லோகநாயகி மறுநாள் விற்பதற்கான கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வளையல்னா கைக்கு வாங்கியாந்து போடு. ஆகாசத்துல காட்டாத" என்றாள்.

அந்த வாரம் தோணியில் வந்த திருப்பாலைவனத்துக் குருக்களிடம், மகத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டான். "சிம்மத்துல சனீஸ்வரன் இருக்கார்" என்றார் அவர். அது லோகநாயகியின் காதுக்குப் போனது; ஒரே தோணியில்தானே எல்லோரும் வர வேண்டும். அன்று மாலை அவள் வாசலில் நின்று கத்தினாள்.

"சனி பார்வை படக்கூடாதுன்னு ஊரே எள்ளு விளக்கு ஏத்துது. நீ குழாய் வெச்சிப் பாக்குறியாயா? அது உன் கண்ணுக்கு நேரா வந்து பாக்கணுமா?"

"சோக்கா கீதுமே அது. கெட்டது மாதிரி தெரியல."

"கெட்டது எது, நல்லது மாதிரி தெரியாம வந்துச்சி?"

அவள் அன்றிலிருந்து குழாய் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. அவன் மட்டும் பார்த்தான். தூங்கப் போகும் முன் வீட்டில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல, சனி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பான். அடுத்த வருடம் வளையம் மெலிந்தமாதிரி பட்டது. கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும் என்று துடைத்து வைத்தான்.

எண்பதாம் வருடம் மாசியில் கிழக்கு வானம் திருவிழா மாதிரி இருந்தது. குருவும் செவ்வாயும் மகத்துக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்க, சற்றுத் தள்ளிச் சனி. விருந்துக்கு வந்திருந்த உலகநாதனும் அவன் மனைவி காந்தாவும், மச்சானின் குழாயில் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அவன் ஆசையாக அழைத்துப் போனான். குருவின் நான்கு குஞ்சுகளைக் காட்டினான். "இதெல்லாம் ஒண்ணுமில்லை, இப்ப வளையத்தைப் பாரு" என்று சொல்லிச் சனிக்குத் திருப்பி, காந்தாவை உட்கார வைத்தான்.

காந்தா வெகு நேரம் பார்த்தாள். "புள்ளிதான் தெரியுது அண்ணே. வளையம் எங்கே?"

"குழாயை இழுத்துப் பாரு."

"இழுத்துட்டேன். வெறும் புள்ளி."

உலகநாதன் பார்த்தான். "மொட்டையா கீது" என்று சிரித்தான். பிறகு ராஜவேலு பார்த்தான். மணி இருந்தது. வளையம் இல்லை. கண்ணாடியைத் துடைத்தான், குழாயைக் கழற்றி மாட்டினான், கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தான். இல்லை.

"ஒத்தக் கண்ணால பாத்தா இல்லாததுகூடத் தெரியும் போல" என்று உலகநாதன் விளையாட்டாகச் சொல்லிவிட்டு நடந்தான். விளையாட்டுதான். ராஜவேலு குழாயை மறுபடி குருவின் பக்கம் திருப்பினான்.

கண்ணாடியில் கோளாறு இல்லை. குருவின் குஞ்சுகள் தெரிந்தனவே. அப்படியானால் கோளாறு தன்னிடம் என்று நினைத்தான். காந்தாவுக்கும் உலகநாதனுக்கும்கூடத் தெரியவில்லை என்பது அவன் பயத்துக்குள் நுழையவே இல்லை. அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது, தனக்கோ பார்வை போகிறது. அவ்வளவுதான் அவன் கணக்கு. இருக்கிற ஒன்றும் போனால் ஏரியிலும் வேலை இல்லை. அன்றிலிருந்து தோணியில் நின்றபடியே தூரத்துப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். லைட்ஹவுஸில் பட்டையடித்த கோடுகள் தெரிகின்றனவா? அக்கரையில் நிற்பது இன்னொரு தோணிக்காரன் கோபாலா, அவன் அண்ணனா? எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவியின் மூக்குத்தியில் கல் எத்தனை? கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

லோகநாயகி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் விளக்கைக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்து அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது, விளக்கை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சொல்லு."

அவன் சொன்னான். அவள் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று தொடங்குவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. "காலைல மொதல் பஸ்சுக்குக் கிளம்பு. நானும் வர்றேன்" என்றாள்.

மதராசு கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, சுவரில் எழுத்துகளைக் காட்டி, நிதானமாகச் சோதித்தார். "கண் ரொம்ப நல்லா இருக்கு. எதுக்குப் பயந்தீங்க?" என்று கேட்டார். அவனுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. லோகநாயகிதான் சொன்னாள்: "சனிக்கு வளையம் இருந்துச்சாம். இப்போ காணோமாம்." டாக்டரம்மா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "எனக்கு அதைப்பத்தித் தெரியாதும்மா. ஆனா இவர் கண்ணுல ஒரு குறையும் இல்லை. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். சொட்டு மருந்தால் தெரு முழுக்க வெள்ளையாக, கரைந்துபோய்த் தெரிந்தது அவனுக்கு. "என் கண்ணு நல்லா கீதுன்னா, மாறினது அதுதான்மே" என்றான் மெல்ல. "ஆமா, அதுக்குப் போயி மருந்து விடு" என்றாள் லோகநாயகி. ஆனால் அவள் குரல் லேசாகியிருந்தது. பாரிமுனையில் பேரம் பேசி ஓர் எவர்சில்வர் தாம்பாளம் வாங்கினாள்.

பழவேற்காட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கோபாலின் தோணியில் ஏறினார்கள். தோணியில் உட்கார்ந்து போவது ராஜவேலுவுக்குப் புதிது. லோகநாயகி முன்னால் உட்கார்ந்து, முகத்தில் அடித்த வெயிலுக்குத் தாம்பாளத்தைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். அவனுக்கு அது முழு வட்டமாகத் தெரிந்தது. கோபால் என்னவோ கேட்கவும் அவள் திரும்பினாள். தாம்பாளமும் கூடவே திரும்பியது. வட்டம் ஒடுங்கி, கோடாகி, அந்தப் பளபளப்பில் இல்லாமலே போனது. அவள் தலை மட்டும் இருந்தது.

"ஏமே! மறுபடி திருப்பு."

"இன்னாத்த?"

"தட்டை. மெள்ளமா."

அவள் திருப்பினாள். கோடு வட்டமானது. வட்டம் கோடானது. அவன் எழுந்து நின்றுவிட்டான், தோணி ஆடியது, கோபால் திட்டினான்.

சனிக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. பதினைந்து ஆண்டுக்கு ஒரு தடவை போல அதன் வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். மெல்லிய தாளைப் பக்கவாட்டில் பிடித்த மாதிரி மெலிந்து, சின்னக் குழாய்களின் பார்வையிலிருந்து நழுவிவிடும். அந்த மாசியில் அதுதான் நடந்தது. ராஜவேலுவுக்கு இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தாம்பாளத்தில் கண்டதை அவன் லோகநாயகிக்குச் சொன்னான். அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்போ, சனி நம்ம பக்கம் திரும்பாம கீறாரா?"

"அப்படித்தான் போலிருக்குது."

"இருக்கட்டும்யா. இப்படியே ரெண்டு மாசம் இருக்கட்டும்" என்றாள். ஏரியில் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி இருவரும் சிரித்தார்கள்.

ரெண்டு மாசத்துக்கு மேலேயே ஆனது. சித்திரையிலும் வைகாசியிலும் மொட்டை மணிதான். ஆவணி வாக்கில் சனி சூரியனோடு மேற்கில் இறங்கிப்போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை மூட்டம். அவன் குழாயைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஈரம் படாமல் வைத்திருந்தான். காத்திருப்பது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. கண் நல்லது என்று தெரிந்த பிறகு, மழை பெய்கிற ஏரியைப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

மார்கழியில் வானம் கழுவிவிட்டதுபோல் ஆனது. பெண்கள் கோலப்பொடியோடு எழுந்திருக்கும் வேளையில் அவனும் எழுந்து தோப்புக்குப் பின்னால் போனான். தேய்பிறை அரை நிலா. அதன் பக்கத்திலேயே குருவும் சனியும், ஒரு விரல் இடைவெளியில், ஒன்றாக வந்து நின்றிருந்தன. தோணிப் பலகையில் பனி. மூச்சு பட்டால் கண்ணாடி மங்கும் என்று வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

மணி இருந்தது. அதன் நடுவே, இந்தப் பக்கம் ஒரு நுனியும் அந்தப் பக்கம் ஒரு நுனியும் நீட்டியபடி, மெல்லிசாக ஒரு கோடு.

அவன் கத்தவில்லை. கை வைக்கவும் இல்லை. அது மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் மணலில் காலடி கேட்டது. லோகநாயகி டீச்சொம்போடு நின்றிருந்தாள். இந்தப் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் தடவை. "வந்துச்சா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"நகரு."

"சனிமே அது."

"தெரியும். பார்வை பட்டா ரெண்டு பேர் மேலயும் படட்டும். நீ ஒத்தையா வாங்கிக்காத."

அவன் சனியைப் பிடித்துக் கொடுத்தான். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. மூடினால் இரண்டும் மூடியது. கடைசியில் இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். அவளிடமிருந்து சத்தமே இல்லை. சந்தையில் பத்துப் பேருக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறவள்.

"ஊசி கோத்த பாசிமணி மாதிரி கீதுயா" என்றாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு தானாகவே குழாயை லேசாகத் தட்டினாள். "அய்ய, இன்னொண்ணு! இதுக்குக் குஞ்சுங்க கீது. ஒண்ணு, ரெண்டு... அந்தாண்டயும் ஒண்ணு!"

"இப்படிக் குடு, நான் பாக்குறேன்."

"இரு."

அவன் டீயைக் குடித்தான். அவளுடைய பங்கையும் குடித்தான். கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. துறையிலிருந்து கூடைக்காரிகள் "தோணி! தோணி!" என்று குரல் கொடுத்தார்கள். அவன் எழுந்தான். அவள் நகரவில்லை.

தோணி நடு ஏரிக்கு வந்தபோது தண்ணீர் பால் நிறமாகியிருந்தது. மேலே நிலா மட்டும் மிச்சம். கூடைக்காரிகளில் ஒருத்தி, பிலோமினா, கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உன் பொண்டாட்டி அங்க குனிஞ்சிக்கினு இன்னா பண்றா? இன்னிக்கு வியாபாரத்துக்கு வரலியா?"

"வருவா," என்றான் ராஜவேலு. "சனியைப் பாத்துட்டு வருவா."

பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவன் கழியை ஊன்றித் தள்ளினான்.